தவசி பேர் போட்ட பாட்டு

ராசிங்காபுரத்துத் தவசிக்கு மைக்கு வேண்டியதில்லை என்று போடிப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. மைக்செட்டுக்காரர்களுக்குப் பிடிக்காத பேச்சு, ஆனால் உண்மை. சோளக்காட்டுப் பரணில் நின்று குருவி விரட்டியே முறுக்கேறிய தொண்டை அது. மற்ற பாட்டுக்காரர்கள் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு, பக்கத்தில் வெற்றிலைத் தட்டு வைத்துக்கொண்டு அடக்கமாகப் பாடிய காலத்தில், தவசி நின்றுகொண்டு பாடினான். நின்றுகொண்டு என்றால் சும்மா நிற்பதல்ல. குதிகாலால் மேடைப் பலகையை மிதிப்பான். கிராப்புத் தலையைச் சிலுப்புவான். உறுமிக்காரனோடு மல்லுக்கு நிற்பான். "இதெல்லாம் ஒரு பாட்டா, பேய் பிடிச்சவன் மாதிரி" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் கச்சேரி முடிகிறவரை ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள்.

பாட்டையும் அவனே கட்டுவான். யுத்த காலத்தில் நின்றுபோன மதுரை ரயில் மறுபடியும் போடிக்கு ஓட ஆரம்பித்தபோது அதற்கு ஒரு பாட்டு. ஏலக்காய் விலை ஏறினால் ஒரு பாட்டு, இறங்கினால் அதையே கொஞ்சம் மாற்றி இன்னொரு பாட்டு. ஆர்மோனியக்காரர் சீனிச்சாமி அவனைவிடப் பத்து வயது மூத்தவர், செட்டுக்கு அவர்தான் எல்லாம். "மாப்ளே, நீ வாயத் தொற. மிச்சத்த என் பொட்டி பாத்துக்கிரும்" என்பார்.

பாட்டுக் கட்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கடைசி அடியில் கட்டினவன் பேர் வர வேண்டும். பேர் போட்ட பாட்டை எந்தச் செட்டும் பாடலாம், பேரை மட்டும் எடுக்கக்கூடாது. எடுத்தால் அவன் திருடன், அவனோடு யாரும் மேடை ஏற மாட்டார்கள். பேர் இல்லாத பாட்டு கிடைத்தால் அது எடுத்தவன் சொத்து. பேரைப் போட்டுக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

தவசியின் பாட்டு வீட்டுக்குச் சோறு போட்டது. ஆனால் வருஷம் முழுக்கப் போடவில்லை. அதனால் அவன் மனைவி ஒச்சம்மாள், சீசன் வந்தால் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து மலையேறிவிடுவாள். எஸ்டேட்டு லயத்தில் ஒரு அறையில் ஏழெட்டுப் பேராகத் தங்கி, மாதக்கணக்கில் காய் எடுப்பார்கள். ஏலச்செடியில் காய் காய்ப்பது தூரடியில். நாள் முழுக்கக் குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். அட்டை ஏறும். மஞ்சு இறங்கினால் அடுத்த செடியில் இருக்கிறவள் தெரிய மாட்டாள். அதனால் பாடிக்கொண்டே எடுப்பார்கள், ஆள் இருக்கிறாள் என்று மற்றவளுக்குத் தெரிய.

மூன்று வயது மகன் அழகுமலையையும் அவள் கூடவே கூட்டிப்போவாள். வேறு யாரிடம் விடுவது? அப்பன்காரன் ஊர் ஊராகத் திரிகிறவன். செடிக்குச் செடி ஒளிந்துகொள்வதுதான் பயலுக்கு விளையாட்டு. அவள் தேடுகிற மாதிரி நடிக்க வேண்டும்.

ஒரு ஐப்பசியில் தேவாரத்தில் கச்சேரி. தவசி மேடையில் ஒரு காலை வைத்துவிட்டான். எஸ்டேட்டு ஆள் ஒருவன் பஸ்சைப் பிடித்து, விசாரித்து விசாரித்து வந்து நின்றான்.

"அண்ணே, பிள்ளைக்குக் காய்ச்சல். கடுமையா இருக்கு. அக்கா வெரசா வரச் சொல்லுச்சு."

"காய்ச்சல்தானப்பா. கச்சேரிய முடிச்சிட்டு வர்றேன்னு சொல்லு."

அன்றைக்குக் கச்சேரி நன்றாக அமைந்துவிட்டது. கூட்டம் விடவில்லை. மறுநாள் சின்னமனூரில் ஒப்புக்கொண்டிருந்தான், அதையும் முடித்துக்கொண்டுதான் மலையேறினான். அவன் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையைப் புதைத்து, மேலே கல்லும் வைத்துவிட்டார்கள்.

ஒச்சம்மாள் அவனைப் பார்த்து அழவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கவுமில்லை. ஒரு கும்பாவில் கஞ்சி ஊற்றி, துவையலை ஓரத்தில் வைத்து, "குடி மச்சான், ஏறி வந்திருக்கே" என்றாள். அவ்வளவுதான். தவசி குடித்தான். நெஞ்சழுத்தக்காரி, தாங்கிக்கொண்டாள் என்று நினைத்தான். உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. அவள் மாரில் அடித்துக்கொண்டு கத்தியிருந்தால் பதில் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? பதில் சொல்லாமல் தப்பித்த நிம்மதி அது. அதற்குப் பிறகு பிள்ளையின் பேரை வீட்டில் அவன் எடுக்கவில்லை. அவளுக்கு வலிக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். வலிக்காமல் பார்த்துக்கொண்டது யாரை என்று அவன் யோசிக்கவில்லை.

அடுத்த சீசனில் ஒரு திருவிழாவுக்கு அச்சாரம் வாங்க அவன் மலைக்குப் போனான். ஒச்சம்மாள் இருந்த எஸ்டேட்டு அல்ல, இரண்டு மலை தள்ளி வேறொன்று. பாதையில் மஞ்சு அடைத்துக்கொண்டது. நடக்க முடியாமல் ஒரு பாறையில் உட்கார்ந்தான். சரிவில் பெண்கள் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் தெரியவில்லை, பாட்டு மட்டும் வந்தது.

மஞ்சு வெலகிருச்சு, மல வெளுத்துப் போயிருச்சு,
பஞ்சுக்கால் ஓசமட்டும் பாதையில கேக்கலையே.
கூட நெறஞ்சிருச்சு, கொண்டுபோயிக் கொட்டியாச்சு,
வேல முடிஞ்சிருச்சு, மடிமட்டும் நெறையலையே.
எந்தச் செடியடியில் ஒளிஞ்சிருக்கே, சொல்லு...

சொல்லு என்றதும் நிறுத்தி, எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று இழுத்தார்கள். மறுபடி முதல் அடி.

தவசிக்கு மயிர்க்கால் குத்திட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த எவளோ ஒருத்தி கட்டியது என்று அவனுக்குப் புரியாமல் இல்லை. பாவம் என்றுகூட நினைத்தான். ஆனால் அவன் கை அதற்குள் தொடையில் தாளம் போட ஆரம்பித்திருந்தது. இழுவையை எடுத்துவிட்டு உறுமியை விட்டால் எப்படி இருக்கும்! பஞ்சுக்காலைக் கொலுசுக்கால் ஆக்கினால் பிள்ளை போய்க் குமரி வந்துவிடுவாள். மடியை மனசு ஆக்கிவிடலாம். கடைசி அடியில்தான் பேரே இல்லையே, இடம் காலியாகக் கிடக்கிறதே! இறங்கிப் போய் யார் கட்டியது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ஒரு பேர் வந்துவிடும், வந்தால் பாட்டு போய்விடும். மஞ்சு விலகுவதற்குள் அவன் எழுந்து நடந்துவிட்டான்.

போடியில் அதை முதலில் பாடிய அன்று நடந்ததை இன்றும் சொல்வார்கள். சீனிச்சாமியின் விரல் ஆர்மோனியத்தில் ஓட, உறுமி முக்க, தவசி பலகை உடைகிற மாதிரி மிதித்துக்கொண்டு கடைசி அடிக்கு வந்தான்.

எந்தச் செடியடியில் ஒளிஞ்சிருக்கா, சொல்லு தவசி!

கூட்டம் ஒரே குரலில் திருப்பிக் கத்தியது: "சொல்லு தவசி!" அவன் மறுபடி பாட, அது மறுபடி கத்த, மைக்செட்டுக்காரன் பயந்துபோய்க் குழாயைப் பார்த்தான். அதற்குப் பிறகு உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர் என்று எங்கே போனாலும் அந்தப் பாட்டுதான். ஜீப்பு டிரைவர்கள் ஏற்றத்தில் கியர் மாற்றும்போது கத்தினார்கள். ஏலக்காய்ப் பேட்டையில் மூட்டை தூக்குகிறவர்கள் "சொல்லு தவசி" என்று ஏலேலோ போட்டார்கள். கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் அவனைப் பார்த்துக் கத்திவிட்டுச் சிரித்தார்கள். அவனுக்கு உச்சி குளிர்ந்தது.

ஊரே பேரைச் சொல்லியது. கட்டிக்கொண்டவள் மட்டும் சொன்னதில்லை, புருஷன் பேரை எந்தப் பெண்தான் சொன்னாள்? யாராவது அவளிடம் கேட்டால், "அதான், பாட்டுப் பாடுற ஆளு" என்பாள். அவள் மலையிலேயே இருந்ததால் பாட்டை இன்னும் கேட்கவில்லை. அவளுக்கு முன்னால் அதைப் பாடிக்காட்ட வேண்டும் என்று தவசிக்கு ஆசை. அதுதான் ஆச்சரியம். மெய்யாகவே ஆசைப்பட்டான்.

அந்த ஆசையும் நிறைவேறியது. காய் எடுப்பு முடிகிற சமயம், ஒச்சம்மாள் இருந்த எஸ்டேட்டு முதலாளி ஆட்களுக்குச் சாப்பாடு போட்டு, தவசி செட்டையும் வரவழைத்தார். காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு முன்னால் களத்தில், பட்டப்பகலில் கச்சேரி. ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் காய் எடுக்கும் பெண்கள். மூன்றாவது வரிசையில் ஒச்சம்மாள், கூடையை மடியில் வைத்துக்கொண்டு.

ரயில் பாட்டுக்குப் பெண்கள் சிரித்தார்கள், கை தட்டினார்கள். பிறகு அந்தப் பாட்டை எடுத்தான். முதல் அடி முடிவதற்குள் பெண்கள் பக்கம் சத்தம் அடங்கிவிட்டது. ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒருத்தி திரும்பி ஒச்சம்மாளைப் பார்த்தாள். தவசி இதையெல்லாம் பார்த்தான். வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தான்.

"சொல்லு தவசி!" என்று ஆண்கள் பக்கம் கத்தியது.

"என்ன, இந்தப் பக்கம் சத்தத்தக் காணோம்?" என்று தவசி பெண்களைப் பார்த்துக் கையை நீட்டினான். "காய் எடுத்து வாயும் சேந்து வலிக்குதாக்கும்?"

ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவனுக்கு இன்னும் வேகம் வந்தது. மேடையிலிருந்து இறங்கிப் பெண்கள் வரிசைக்கு முன்னால் வந்து, சொந்தப் பெண்டாட்டியைப் பார்த்து விரலை நீட்டி, தலையைச் சிலுப்பி, கடைசி அடியை இன்னொரு தடவை பாடினான். ஒச்சம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். லயத்தைப் பார்த்து நடந்தாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து அவள் பின்னால் போனார்கள்.

கச்சேரி முடிந்து தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். முத்துப்பேச்சி வந்தாள். ஒச்சம்மாளோடு ஒரே அறையில் தங்கி, ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிறவள், வயதில் மூத்தவள்.

"ஏன் தம்பி, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"என்னக்கா, கேலிப் பாட்டுக்குப் போயி இப்பிடி..."

"கேலிப் பாட்டா? ஒம் மகனுக்கு அவ அழுத அழுகை அது."

தவசி முகத்தில் தண்ணீர் சொட்ட நின்றான்.

"குழிய மூடிட்டு வந்த மறுநாளே கூடைய எடுத்துக்கிட்டுப் போனா. செடியடியில குனிஞ்சா எந்திரிக்கல. அங்கனயே கட்டுன பாட்டு. நாங்க கூடப் பாடினோம், அவ ஒருத்தியா அழக்கூடாதேன்னு. பொறகு எஸ்டேட்டு எஸ்டேட்டாப் போயிருச்சு. மலையில பிள்ளையக் குடுத்தவ எத்தன பேரு இருக்கா!"

"கடைசியில பேரு இல்லையேக்கா..." என்றான் தவசி.

"பேரு இல்லாமயா? செத்த பிள்ள பேரப் பெத்தவதான் சொல்லணும். அடுத்தவ வாயில வரக்கூடாது. அதான் அந்த எடம் வந்தா நாங்க வாய மூடிக்கிருவோம். அவ மட்டும் அழகுமலன்னு சொல்லுவா." முத்துப்பேச்சி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அந்த எடத்துல நீ ஒம் பேரப் போட்டுக்கிட்டே. தெரிஞ்சுதான் பாடுறேன்னு இல்ல நாங்க நெனச்சோம்."

அந்தக் களத்திலிருந்து லயத்துக்கு நூறடி இருக்கும். அவ்வளவு தூரம் நடப்பதற்குள் தவசி கூனிக் குறுகிப்போனான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. விரலை நீட்டிப் பாடியது, தலையைச் சிலுப்பியது, வாய் வலிக்கிறதா என்று கேட்டது, ஒவ்வொன்றாக வந்து முகத்தில் அறைந்தது.

ஒச்சம்மாள் கூடையைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்து, காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது ஒச்சு. சத்தியமாத் தெரியாது."

"அதான் மச்சான்." அவள் குரலை உயர்த்தவில்லை. "தெரிஞ்சு பாடியிருந்தேன்னு வையி, திமிருன்னு விட்டுருப்பேன். தெரியாமப் போச்சே ஒனக்கு. மல பூராம் கேட்டுச்சு. ஒம் பிள்ளைக்கு அழுதத நீ ஒருத்தந்தான் கேக்கல."

அவன் வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்று அவளும் சொல்லவில்லை.

கீழே வந்ததும் தவசி அந்தப் பாட்டை நிறுத்தினான். நிறுத்தினால் நின்றுவிடுமா? அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே கூட்டம் "சொல்லு தவசி" என்று ஆரம்பித்துவிடும். காதில் விழாத மாதிரி வேறு பாட்டுக்குப் போனால் கல் வந்து விழும். "பாட்டு இப்ப நம்ம கையில இல்ல மாப்ளே" என்றார் சீனிச்சாமி. காரணத்தைத் தவசி அவரிடம்கூடச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்?

மற்ற செட்டுக்காரர்களும் அதைப் பாடினார்கள். பொட்டிபுரம் திருவிழாவில் ஜக்கையன் செட்டு பாடியது என்று கேள்விப்பட்டு, தவசி அவனைத் தேடிப் போனான். ஜக்கையன் நேற்று மேடையேறிய இளவட்டம். தவசியைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

"தம்பி, எனக்கு ஒரு ஒபகாரம் பண்ணு. அந்தப் பாட்டுல எம் பேர எடுத்துரு."

ஜக்கையன் பதறிப்போனான். "என்னண்ணே இப்பிடிக் கேக்குறீங்க! கட்டுனவரு பேர எடுத்தா அது திருட்டுப் பாட்டு ஆயிருமே. நான் அப்பேர்ப்பட்டவன் இல்லண்ணே."

தவசி திரும்பி நடந்தான். பொட்டிபுரத்திலிருந்து வீடு வரைக்கும் வெயிலில் நடந்தே வந்தான். பஸ்சில் ஏறினால் யாராவது கத்துவார்கள்.

சீசன் முடிந்து ஒச்சம்மாள் ஊருக்கு வந்தாள். பொங்கினாள், போட்டாள், ஆட்டை அவிழ்த்துக் கட்டினாள். பேச வேண்டியதைப் பேசினாள். சண்டை போட்டால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு. தெருவில் போகிறவன் எவனாவது வாசலைப் பார்த்து "சொல்லு தவசி" என்று கத்திவிட்டுப் போவான். உள்ளே அவள் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். சுளகுச் சத்தம் ஒரு கணம் நிற்கும். மறுபடி கேட்கும். அந்த ஒரு கணத்தில் தவசி செத்துப் பிழைப்பான்.

சித்திரைத் திருவிழாவுக்குப் போடியில் கச்சேரி. காய் எடுக்கும் பெண்கள் எல்லாம் ஊர் திரும்பியிருந்ததால் முத்துப்பேச்சியும் வந்திருந்தாள், அவளோடு ஒச்சம்மாளும். பொழுது சாய்கிற நேரம். தவசி ஒரு முடிவோடு மேடையேறினான். அவள் பாட்டை அவள் பாடின மாதிரியே பாடிவிடுவது, பஞ்சுக்காலையும் மடியையும் திருப்பி வைத்துவிடுவது, கடைசியில் பேர் போடாமல் அந்தப் பெண்களைப் போல வாயை மூடிக்கொள்வது. இதைச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினான். மேடைக்காரன் புத்தி மேடையில்தானே போகும்!

உறுமியை வேண்டாம் என்றான். சீனிச்சாமியிடம் சுதியை மட்டும் பிடிக்கச் சொன்னான். காலை ஊன்றி, ஆடாமல் நின்று, மெதுவாக எடுத்தான்.

மஞ்சு வெலகிருச்சு, மல வெளுத்துப் போயிருச்சு,
பஞ்சுக்கால் ஓசமட்டும் பாதையில கேக்கலையே...

கூட்டம் கொஞ்சம் குழம்பியது. ஏதோ புதுச் சேட்டை, கடைசியில் வெடிக்கப்போகிறான் என்று காத்திருந்தது. அவன் குரல் உடைவதைக்கூட நடிப்பு என்று ரசித்தார்கள். கடைசி அடிக்கு வந்தான். சொல்லு என்றான். வாயை மூடிக்கொண்டான். ம்ம்ம் என்று இழுத்தான்.

"தவசி!" என்றது கூட்டம்.

ஆயிரம் வாய்கள் சேர்ந்து அந்தக் காலி இடத்தை நிரப்பிவிட்டன. சிரித்துக்கொண்டே, விசில் அடித்துக்கொண்டே, "சொல்லு தவசி! சொல்லு தவசி!" என்று விடாமல் கத்தின. தவசி பெண்கள் பக்கம் பார்த்தான். முத்துப்பேச்சியின் வாய் மூடியிருந்தது. பக்கத்தில் ஒச்சம்மாளின் உதடு அசைந்தது. அவள் என்ன பேர் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். அது அவளுக்கே கேட்டிருக்காது, அவ்வளவு இரைச்சல். தன் பேர் தன் பிள்ளை பேரின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதைத் தவசி கண்ணால் பார்த்தான். அப்படியே மேடையைவிட்டு இறங்கிவிட்டான்.

மறுநாள் காலையில் ஒச்சம்மாள் கும்பாவில் கஞ்சி ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். துவையலை ஓரத்தில் வைத்தாள். வழக்கம்போல எழுந்து போகாமல் எதிரில் உட்கார்ந்தாள்.

"நேத்து ஏன் பாதியில எறங்கிட்டே மச்சான்?"

"அந்தப் பேரச் சொல்ல எனக்கு என்ன யோக்கியத ஒச்சு? பெத்தவதான சொல்லணும்?"

"நீ பெக்கலையா?"

தவசி குனிந்துகொண்டான். புதைத்த மேட்டைப் பார்த்த நாளிலிருந்து அந்தப் பேர் அவன் வாயில் வரவில்லை. பிள்ளையின் பேரை விழுங்கிவிட்டுத் தன் பேரை மலையெல்லாம் கத்த வைத்திருக்கிறான். வெட்கத்தில் காது எரிந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எந்தச் செடியடியில் ஒளிஞ்சிருக்கே..." ஒச்சம்மாள் பாடவில்லை, பேசுகிற குரலில்தான் சொன்னாள். கொஞ்சம் நிறுத்தினாள். தாலி கட்டின நாளிலிருந்து அவள் வாயில் வராத ஒன்று அப்போது வந்தது.

"சொல்லு, தவசி."

அவன் நிமிர்ந்தான். மைக்கு இல்லாமல் தேரடி வரைக்கும் கேட்கும் என்று பேரெடுத்த தொண்டை. அதைத் திறந்தான். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தான்.

"அழகுமல" என்றான்.

"சத்தம் பத்தல" என்றாள் ஒச்சம்மாள்.